டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எந்தத் திசை?



ஒரு சிறு கேள்வியோடு தொடங்குகிறேன். டில்லி விமான நிலையத்திலிருந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழியில் செல்லவேண்டும். புறப்பட்டதும் விமானம் எந்தத் திசை நோக்கிப் பறக்கவேண்டும்? கிழக்கா, மேற்கா, வடக்கா, தெற்கா? மேலே படிக்கும் முன் உங்கள் விடையை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி என்னுடையது அன்று. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினாப் போட்டி ஒன்றில் கேட்கப்பட்டது. நடுவர் நாற்காலியில் நான் அமர்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, தயக்கமே இல்லாமல் "வடக்கு" என்றாள். என் கையிலிருந்த விடைக் குறிப்பில் "மேற்கு" என்று அச்சிட்டிருந்தது. "தவறு" என்றேன். "உருண்டையிலே வச்சுப் பாத்தா வடக்குதான் சார் வருது" என்றாள் அவள். "நேரமாகிறது, அடுத்த கேள்விக்குப் போகலாம்" என்றேன் நான். அந்த ஐந்து மதிப்பெண் கிடைக்காததால் அவளுடைய பள்ளி இறுதிச் சுற்றுக்குப் போகாமலே வீடு திரும்பியது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் சொன்னது காதிலேயே இருந்தது. என் மகனுடைய பூகோள உருண்டையை எடுத்தேன். பட்டம் விட வாங்கிய நூலில் ஒரு துண்டு கிடைத்தது. ஒரு முனையை டில்லியில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்தேன். தளர்வாக இருந்த நூல் இறுக இறுகத் தானாகவே நழுவி மேலேறியது. இமயத்தைத் தாண்டிற்று, சைபீரியாவைக் கடந்தது, ஆர்க்டிக் கடலுக்குள் வட அட்சம் 75 பாகைக்கும் மேலே போயிற்று, பிறகு அலாஸ்கா வழியாகச் சரிந்து சான் பிரான்சிஸ்கோவில் வந்து நின்றது. டில்லியில் அந்த நூல் காட்டிய திசை வடக்கு. மிகச் சரியாகச் சொன்னால், வடக்கிலிருந்து 16 பாகை கிழக்கே சாய்ந்த திசை. மேற்கு என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்தும் நான் ஏமாந்தது எப்படி? என் மனத்தில் இருந்தது உருண்டையான பூமி அன்று. நான் படித்த வகுப்பறையின் சுவரில் ஆணியில் தொங்கிய தட்டையான உலகப்படம்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1569-இல் மெர்கேட்டர் என்ற படவரைஞர் மாலுமிகளுக்காக உருவாக்கிய முறை அது. கடலில் திசைகாட்டியை ஒரே பாகையில் பிடித்துக்கொண்டு கப்பலோட்டினால், அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக விழும். கப்பலோட்டிக்கு இது பெரிய வசதி. ஆனால் வசதிக்கு ஒரு விலை உண்டு. துருவத்தை நெருங்க நெருங்கப் படம் நீளங்களை இழுத்துக் காட்டும். 60 பாகை அட்சத்தில் எல்லா நீளமும் இரண்டு மடங்கு. 75 பாகையில் ஏறத்தாழ நான்கு மடங்கு. கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது.

அந்தப் படத்தில் அளவுகோல் வைத்து டில்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்துப் பாருங்கள். கோடு மேற்கே ஓடும். ஈரான், எகிப்து, வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல், பிறகு அமெரிக்காவின் அகலம் முழுவதும் என்று போகும். பூமியின்மேல் அந்தக் கோட்டின் நீளம் சுமார் 18,600 கி.மீ. நூல் காட்டிய வழியோ சுமார் 12,380 கி.மீ. அளவுகோலை நம்பினால் ஒன்றரை மடங்கு தூரம் சுற்றவேண்டும்! போதாக்குறைக்கு, பசிபிக் பெருங்கடலின் நடுவே படத்தை வெட்டி, ஒரு பாதியை இடது ஓரத்திலும் மறுபாதியை வலது ஓரத்திலும் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஓரங்களும் ஒரே கோடுதான் என்பது பார்க்கிறவர் கண்ணுக்குப் படுவதே இல்லை.

நூல் காட்டும் இந்த மிகக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையத்தினூடே ஒரு தளம் வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டம் அது. இதை அளக்கக் கோள முக்கோணவியல் எல்லாம் இப்போது வேண்டாம். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. ஆகவே நூலில் ஒரு செ.மீ. என்பது தரையில் ஏறத்தாழ 425 கி.மீ. என் நூல் 29 செ.மீ. வந்தது. பெருக்கிப் பாருங்கள்: 12,325. பட்ட நூலுக்கு இது மோசமில்லை.

இப்போது என் முதல் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகள் பலவற்றில் பூகோள உருண்டை இருக்கிறது. ஆனால் தலைமையாசிரியர் அறையில், அலமாரியின் மேல்தட்டில், தூசியோடு இருக்கிறது. ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் துடைக்கப்படுகிறது. மாணவர் கை பட்டால் உடைந்துவிடுமாம். உடையட்டுமே! மாணவர் கை பட்டு உடைந்த உருண்டை தன் வேலையைச் செய்துவிட்டு உடைந்தது. சுவர்ப்படத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஒரு மேஜைமேல் உருண்டையையும் ஒரு முழ நூலையும் வைக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது வாதம் இதைவிடச் சிக்கலானது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கு இருக்கும்: "விமானம் ஒன்று மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 12,380 கி.மீ. கடக்க எவ்வளவு நேரமாகும்?" வகுத்தால் 13 மணி 45 நிமிடம். விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். ஆனால் விமானியைக் கேட்டால் சிரிப்பார்.

நடந்த கதையைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் ஏர் இந்தியா நிறுவனம் டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லா விமானத்தைத் தொடங்கியது. அப்போது நூல் காட்டிய வழியே அது போகவில்லை. ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் போயிற்று. தூரம் சுமார் 13,900 கி.மீ. பத்து மாதம் கழித்து, 2016 அக்டோபர் 16-ஆம் தேதி, அதே விமானத்தை எதிர்த் திசையில் திருப்பினார்கள். வங்கதேசம், மியான்மர், சீனா, ஜப்பான் வழியாகப் பசிபிக் கடலைக் கடந்து போயிற்று. இந்த வழியின் தூரம் சுமார் 15,300 கி.மீ.; பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆன நேரமோ பதினாலரை மணிதான். பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி குறைவு!

தூரம் கூடிற்று, நேரம் குறைந்தது. விமானமும் அதேதான், போயிங் 777. எஞ்சினும் அதேதான். பிறகு எப்படி? 15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. அந்த உயரத்தில், வெப்பநிலை மைனஸ் 56 டிகிரியாக இருக்கும்போது, ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ.தான். பயணிகள் விமானம் ஒலியின் வேகத்தில் பறந்ததா என்ன? பறக்கவில்லை. காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான 900 கி.மீ. வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் ரயில் பெட்டிக்குள் முன்னோக்கி நடக்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் பெட்டியைப் பொறுத்து மணிக்கு 5 கி.மீ. நடக்கிறான், தண்டவாளத்தைப் பொறுத்து 85 கி.மீ. போகிறான். சார்பு வேகம் என்று வகுப்பில் படிப்பது இதைத்தான்.

அந்தக் காற்றோட்டத்துக்கு ஜெட் ஓட்டம் என்று பெயர். வெப்பமண்டலத்தில் காற்று சூடாகி விரிந்து உயர்ந்து நிற்கிறது. துருவப் பக்கம் குளிர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் வெப்பமண்டலப் பக்கம் அழுத்தம் அதிகம். காற்று துருவத்தை நோக்கிப் போக முனைகிறது. பூமியின் சுழற்சி அதை வடகோளத்தில் வலப்புறமாகத் திருப்பிவிடுகிறது. விளைவு, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஓர் ஆகாய ஆறு. குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு கூடுவதால் ஆற்றின் வேகமும் கூடும். ஜப்பானுக்கு மேலே அது மிக வலுவாக இருக்கும்.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் வேகத்தைத் தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்து, கண்டதை 1926-இல் வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்கவேண்டும் என்ற ஆசையில் எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் எழுதினார். பாவம், அதனாலேயே அனேகமாக யாரும் படிக்கவில்லை! 1944-இல் ஜப்பானை நோக்கி வந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் அதன் வலிமை பலருக்கும் உறைத்தது. நம் தலைக்கு மேலேயும் ஒரு ஜெட் ஓட்டம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கி.மீ. உயரத்தில் அது ஓடுகிறது. ஆனால் திசை நேர்மாறு, கிழக்கிலிருந்து மேற்கே. நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

சரி, டில்லி விமானத்துக்கு வருவோம். பதினாலரை மணியை 900-ஆல் பெருக்கினால் 13,050. அதாவது விமானம் காற்றுக்குள் கடந்த தூரம் சுமார் 13,050 கி.மீ.தான், மீதி 2,250 கி.மீ. காற்று தூக்கிக்கொண்டு போன தூரம். பழைய அட்லாண்டிக் வழியில் பதினாறரை மணி என்று வைத்துக்கொண்டால், காற்றுக்குள் கடந்த தூரம் 14,850 கி.மீ.; தரையில் முன்னேறியதோ 13,900. எதிர்காற்று 950 கி.மீ.யைத் தின்றுவிட்டது. (ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதை இங்கே விட்டுவிட்டேன். கண்டுபிடித்து எழுதுகிறவர்களுக்கு என் பாராட்டு.) எரிபொருள் செலவாவது காற்றுக்குள் கடந்த தூரத்துக்குத்தான். தரையில் நாம் அளக்கும் கிலோமீட்டரைப் பற்றி எஞ்சினுக்குக் கவலையில்லை. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கும் சற்று அதிகமாகக் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த இரண்டு மணி நேரம் பயணிகளின் சௌகரியம் மட்டுமில்லை என்பது புரியும்.

ஆக, "டில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால், "எந்தத் தூரம்?" என்று திருப்பிக் கேளுங்கள். நூல் காட்டும் தூரம் ஒன்று. விமானம் தரைக்கு மேல் சுற்றிப்போன தூரம் இன்னொன்று. காற்றுக்குள் கடந்த தூரம் மூன்றாவது. மூன்றும் மூன்று எண்கள், மூன்றும் சரியானவை.

"போகும்போது காற்று தள்ளுகிறது, வரும்போது தடுக்கிறது, கணக்கு நேராகிவிடாதா?" என்று என் கல்லூரி மாணவர்களே கேட்பார்கள். ஆகாது. 9,000 கி.மீ. தூரம், விமானம் 900, காற்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போக 9 மணி. எதிர்த்து வர பதினொன்றேகால் மணி. மொத்தம் இருபதேகால். காற்றே இல்லாவிட்டால் இருபது. எப்போதும் நஷ்டம்தான், ஏனென்றால் எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். இதிலிருந்து தப்ப ஒரே வழி, எதிர்த்து வராமலே இருப்பது. அந்த டில்லி விமானம் அதைத்தான் செய்தது. போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே. திரும்பும்போது அட்லாண்டிக் வழியாக, மறுபடியும் கிழக்கே. ஒவ்வொரு தடவையும் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு வந்தது.

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, புயலோடு சேர்ந்து ஓடிய ஜெட் ஓட்டத்தின் தயவால். அதே பாதையில் எதிர்த் திசையில் ஏழு மணிக்கு மேல் ஆவது சாதாரணம்.

"குறுகிய வழி வடக்கே இருக்கும்போது, நூலின் வழியே ஏன் போகவில்லை?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? முதல் தடை திபெத் பீடபூமி. சராசரி உயரம் சுமார் 4,500 மீட்டர். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் திடீரெனக் குறைந்துவிட்டால், பயணிகள் இயல்பாக மூச்சுவிடக்கூடிய 3,000 மீட்டர் உயரத்துக்கு விமானம் உடனே இறங்கியாகவேண்டும். 4,500 மீட்டர் தரைக்கு மேலே 3,000 மீட்டருக்கு எப்படி இறங்குவது? துருவப் பக்கம் போனால் வேறு தொல்லைகள். அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் குறைவு. எரிபொருள் மைனஸ் 47 டிகிரி அளவில் உறையத் தொடங்கும். இவற்றுக்கெல்லாம் தயார் செய்துகொண்டு, 2019 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அதே டில்லி - சான் பிரான்சிஸ்கோ விமானம் திபெத்துக்கு மேற்கே விலகி, கிர்கிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா வழியாகத் துருவப் பக்கமாகப் பறந்தது. 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துருவத்தின் மேலாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார்கள். பதினேழு மணி நேரம்.

மலையும் குளிரும் மட்டுமல்ல, மனிதன் போட்ட வேலியும் உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நூல் பிடித்தால் அது ரஷ்யாவின் மேல்தான் போகும். 1983-இல் பின்னேர் நிறுவனம் அந்தச் சேவையைத் தொடங்கியபோது சோவியத் வான்வெளிக்குள் போகாமல் வடதுருவத்தின் மேலாகச் சுற்றிப்போயிற்று. 13 மணி ஆயிற்று. பிறகு வான்வெளி திறந்தது. பயணம் 9 மணியாகக் குறைந்தது. 2022-இல் உக்ரைன் போரையொட்டி அது மீண்டும் மூடப்பட்டது. மீண்டும் துருவம், மீண்டும் 13 மணி. இரண்டு நகரங்களும் ஓர் அங்குலமும் நகரவில்லை.

கடிகாரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016-இன் அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4 மணிக்கு டில்லியில் புறப்படும் விமானம் பதினாலரை மணி பறந்தால், இந்திய நேரம் மாலை ஆறரை. சான் பிரான்சிஸ்கோ அந்த மாதத்தில் நமக்குப் பன்னிரண்டரை மணி பின்தங்கியிருக்கிறது. ஆகவே அங்கே அதே ஞாயிறு காலை 6 மணி! கால அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு மணிப் பயணம் என்று தோன்றும். நடுவில் பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டியதும் ஞாயிறு மாலை சனி மாலையாகிவிடுகிறது. பயணிகள் ஞாயிற்றுக்கிழமைக் காலையை இரண்டு தடவை பார்க்கிறார்கள்.

ஆகவே பாடநூல் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தூரத்தை வேகத்தால் வகுக்கும் கணக்கை எடுத்துவிட வேண்டாம். அது முதல் படி. ஆனால் அதற்கு அடுத்த கணக்கில் காற்றையும் சேருங்கள். அதற்கடுத்ததில், "விடை ஏன் உண்மையான கால அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை? இரண்டு காரணம் கூறுக" என்று கேளுங்கள். திருத்துவது கடினம், ஒரே விடை வராது என்பார்கள். உண்மைதான். எனக்கும் அன்று ஒரே விடைதான் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். திருத்துவது மிக எளிதாக இருந்தது.

அந்த மாணவியின் பெயரை அன்று குறித்துக்கொள்ளவில்லை. போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதி, விடைக் குறிப்பு தவறு என்றும் நடுவரான நானும் தவறு என்றும் தெரிவித்தேன். முடிவை மாற்ற விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. இந்த ஆண்டு வேறோர் ஊரில் நடக்கும் போட்டிக்கு நடுவராக என்னை அழைத்திருக்கிறார்கள். மேடையில் ஒரு பூகோள உருண்டை வைப்பதாக இருந்தால் வருகிறேன் என்று எழுதினேன். வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை நானே கொண்டுபோகிறேன்.